எனக்காக ஒரு வாய்

பஸ் டிரைவருக்கு ஜப்பான் கடை சஷிமி என்றால் உயிர். அவர் மனைவிக்கோ, சீவி வைத்த அந்தப் பச்சை மீனைப் பார்த்தாலே குமட்டும். அவர் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம், "அப்ப அடுப்புன்னு ஒண்ணை எதுக்குங்க கண்டுபிடிச்சாங்க?" என்று அவர் வாயை அடைத்துவிட்டுத் தையல் மெஷினை மிதிப்பாள். சம்பள நாளில் மனுஷன் தனியாகப் போய்ச் சாப்பிட்டு வருவார்.

இப்போது அவருக்கு ரத்தப் புற்றுநோய். வேகாத எதையும் தொடவே கூடாதென்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆனாலும் நச்சரித்து நச்சரித்து அவளையே ஒரு டப்பா சஷிமி வாங்கிவர வைத்துவிட்டார்.

"நான் தொடமாட்டேன். எனக்காக நீ ஒரு வாய் சாப்பிடு. எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு, போதும்."

"நல்லாவே இல்லை, சப்புனு இருக்கு" என்று சொல்லி அவர் ஆசைக்கு ஒரு முழுக்குப் போட்டுவிடலாம் என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டாள்.

பாழாய்ப்போன மீன், நாக்கில் பட்டதும் வெண்ணெயாய்க் கரைந்தது. சொல்ல வந்த பொய் மறந்தே போனது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிச்சிருக்கில்ல?"

அவள் கண் நிறைந்தது.

அவர் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எத்தனை வருஷமா கூப்பிட்டேன்... இப்ப வந்து உக்காந்திருக்கியே."