மஞ்சள் கோடு போட்டது யார்?

கராஜின் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டபடி கிளைவ் ஆல்சாப் ஒரு நட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். அதன் மேல் மஞ்சள் பெயின்டில் சின்னதாக ஒரு கோடு. அவர் கலக்கி வைத்த மஞ்சள்தான். கோடு போட்டதுதான் நினைவில் இல்லை.

பெட்டிகளில் வந்து இறங்கும் பாகங்களைப் பூட்டி வீட்டிலேயே கார் கட்டுகிறவர்களுக்கு இது ஒரு பழக்கம். நட்டைச் சரியான அளவுக்கு முறுக்கியதும், நட்டும் போல்ட்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். கோடு இருந்தால் அந்த இடம் முடிந்தது. இல்லாவிட்டால் ஸ்பேனரை எடுக்க வேண்டும். கிளைவ் ஒருநாளும் அதை மீறியதில்லை. முறுக்கியதை மறந்திருந்தால் கோடு நினைவூட்டும். ஆனால் கோடு போட்டதே மறந்துபோனால் யாரைக் கேட்பது?

இது முதல் தடவையும் அல்ல. முதலில் பின்பக்க சஸ்பென்ஷனில் இரண்டு நட்டுகள். பிறகு எஞ்சினைத் தாங்கும் இடத்தில். அப்போதெல்லாம், "சரி, எப்போதோ செய்திருப்பேன்" என்று தலையைச் சொறிந்துவிட்டு நகர்ந்தார். இன்றைக்கு ஸ்டியரிங் தண்டின் நட்டு. அதை முறுக்க வலது கட்டைவிரல் ஒத்துழைக்காமல், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஸ்பேனரைக் கீழே போட்டது நன்றாக நினைவிருந்தது. இறுக்கம் சரியான அளவைத் தொட்டதும் 'டக்' என்று ஒலிக்கும் ஸ்பேனரை மாட்டிப் பார்த்தார். லேசாக இழுத்ததுமே 'டக்' என்றது. கனகச்சிதமாக முறுக்கியிருந்தது.

அந்த 'டக்' அவருக்கு அப்பாவை நினைவூட்டியது.

அவருடைய அப்பா டெர்பி நகரத்தில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து ஒரு காலையில் சீருடை மாட்டிக்கொண்டு டிப்போவில் போய் நின்றார். என் பஸ் எங்கே என்று எல்லோரையும் அதட்டினார். அப்படித்தான் அவருக்கு மறதி நோய் ஆரம்பித்தது.

"டீ ஆறுது," என்று மனைவி பெரில் சமையலறைக் கதவிலிருந்து குரல் கொடுத்தாள்.

"பெரில், நேத்து நான் கராஜுக்கு வந்தேனா?"

"என்கிட்டக் கேக்குறியா! நீ அங்க குடியிருக்கிறவன். உன்னை வீட்டுக்குள்ள பாத்தாத்தான் எனக்குச் சந்தேகம் வரும்."

கிளைவ் சிரித்து வைத்தார். மேலே கேட்கவில்லை. கேட்டால் அவளும் பயப்படுவாள்.

அன்று மாலையே இரண்டு முடிவுகள் எடுத்தார். ஒன்று, கட்டி முடிக்காத இந்தக் காரை விற்றுவிடுவது. புத்தி நிலையில்லாதவன் கட்டிய வண்டியில் பெரில் உட்காரக் கூடாது. மற்றொன்று இன்னும் கனமானது. வியாழக்கிழமைதோறும் சபையின் முதியோர் விருந்துக்கு நான்கு பாட்டிமார்களைத் தன் பழைய காரில் ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் வேலை. அதையும் நிறுத்திக்கொள்வதாகப் போதகரிடம் சொன்னார். காரணம் கேட்டதற்கு, அவரிடமும் பெரிலிடமும் கட்டைவிரல் வலி என்றார். படுக்கும்முன் ஜெபிக்க உட்கார்ந்தவருக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. "ஆண்டவரே, அந்த நட்டு..." என்று தொடங்கி அதோடு நின்றுவிட்டார்.

காரை வாங்கும் எண்ணத்தில் பார்க்க மேட்லாக் ஊரிலிருந்து ஒருவர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலை எழுந்ததும் கிளைவ் வண்டியைத் துடைக்கத் தொடங்கினார். கராஜின் மேசையில் பாதி கார் சாமான்கள். மறுபாதியில், பழைய படுக்கை விரிப்புக்குக் கீழே, அவர் பொழுதுபோக்காக ஆறேழு வருஷம் செய்த சின்ன நீராவி எஞ்சினின் பாய்லர். அந்தப் பக்கம் அவர் பார்ப்பதே இல்லை.

பின்சக்கரத்தின் நடுவிலிருந்த பெரிய நட்டைத் துடைத்தபோது கை நின்றது. நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு கம்பி ஊசியைச் செருகி, அதன் இரண்டு கால்களையும் மடக்குவார்கள். கிளைவ் ஒரு காலை மேலேயும் ஒன்றைக் கீழேயும் மடக்குவார். கார்க்காரர்களின் வழக்கம் அது. இங்கே இரண்டு கால்களும் நட்டின் இடுப்பைக் கட்டிப்பிடித்தாற்போல் இருபுறமும் வளைந்திருந்தன.

இப்படி மடக்குகிற ஒரே ஆளை அவருக்குத் தெரியும்.

டென்னிஸ் ஸ்பெண்ட்லவ். ரயில் பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவர். சின்ன நீராவி எஞ்சின்கள் செய்கிறவர்களின் சங்கத்தில் பாய்லர் சோதிக்கும் பொறுப்பு அவருடையது. போன வருஷம் கிளைவின் பாய்லரில் தண்ணீரை நிரப்பி அழுத்திப் பார்த்தபோது ஓரத்தில் ஒரு சொட்டுக் கசிந்தது. டென்னிஸ் சான்றிதழ் தர மறுத்தார். "ஒரு சொட்டுக்கா? உனக்குப் பொறாமைய்யா!" என்று எல்லோர் முன்னிலும் கத்திவிட்டு வந்தவர்தான் கிளைவ். பிறகு சங்கத்துப் பக்கமே போகவில்லை. நீராவியை விட்டுக் கார் கட்ட இறங்கியதும் அதனால்தான்.

அந்த டென்னிஸின் கை இங்கே எப்படி வந்தது? நானே அவனைப் போல மடக்கினேனா?

கிளைவ் சமையலறைக்குப் போனார். பெரில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"டென்னிஸ் இங்க வந்தானா?"

கத்தி நின்றது. பெரில் திரும்பவில்லை.

"வியாழக்கிழமையில," என்றாள். "நீ பாட்டிங்கள ஏத்திக்கிட்டுப் போன பிறகு. நான்தான் கூப்பிட்டேன். நீ ஸ்பேனரை இழுக்க முடியாம விரலை வாயில வச்சுக்கிட்டு நின்னதைப் பாத்தேன். உதவிக்கு ஆள் கூப்பிடுன்னா நீ கூப்பிடுவியா?"

"எனக்குப் புத்தி கழண்டுபோச்சுன்னு நெனச்சேன், பெரில். எங்கப்பா மாதிரி."

பெரில் திரும்பினாள். "அதுக்காகவா காரை விக்கிற? விரல் வலின்னல்ல சொன்ன!"

"நீயுந்தான் எதுவும் சொல்லலையே."

கோபப்படுவதா, அவளைக் கட்டிக்கொள்வதா என்று கிளைவுக்குத் தெரியவில்லை. ஒருவரையொருவர் நோகடிக்கக் கூடாது என்று பொத்தி வைத்த அன்பு இருவரையுமே நோகடித்திருந்தது. பெரில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

டென்னிஸ் கால்மணி நேரத்தில் வந்துவிட்டார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கராஜ் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாய்யா. வழி தெரியாத ஆள் மாதிரி நிக்கிற," என்றார் கிளைவ்.

"திட்டுறதுன்னா இங்கயே திட்டிடு. உள்ள வந்தா ஓட வசதிப்படாது."

"ஏன்யா மஞ்சக் கோட்டை வேற போட்டு வச்ச?"

"பின்ன? முறுக்கிட்டுக் கோடு போடாமப் போனா நீ மறுபடி முறுக்கி போல்ட்டையே ஒடச்சிருப்ப. வேலைன்னா ஒரு முறை இருக்குல்ல?" டென்னிஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உதவி செஞ்சா ஊருக்குத் தம்பட்டம் அடிக்காதீங்கன்னு போதகரும் சொன்னாரு."

"ஊருக்குச் சொல்ல வேணாம்யா. எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

டென்னிஸ் தொப்பியைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தார்.

இருவரும் காரைச் சுற்றி வந்தார்கள். இது நான், இது நீ என்று ஒவ்வொரு கோடாகத் தொட்டார்கள். சஸ்பென்ஷன் டென்னிஸ். எஞ்சின் தாங்கி டென்னிஸ். பின்சக்கரம் டென்னிஸ். கடைசியில் ஸ்டியரிங் தண்டு.

"இது நானில்ல," என்றார் டென்னிஸ்.

"விளையாடாத."

"சத்தியமா, கிளைவ். ஸ்டியரிங்கை நான் தொடவே இல்ல. அடுத்தவன் கட்டுற வண்டியோட ஸ்டியரிங்ல கை வைக்க எனக்கு மனசு வரல."

கிளைவ் பெரிலைப் பார்த்தார். "என்னைப் பாக்காத. எனக்கு உருளைக்கிழங்குதான் தெரியும்," என்றாள் அவள்.

அப்படியானால் அது அவரேதான். இறங்கியிருந்த பாரம் மறுபடி பாதி ஏறிக்கொண்டது.

டென்னிஸ் நண்பரின் முகத்தையே பார்த்தார். "போன மாசம் மூக்குக் கண்ணாடியைத் தேடி வீட்டையே புரட்டினேன். அது மூக்குலயே இருந்துச்சு. ஒரு நட்டை மறந்ததுக்குப் பேரு வியாதின்னா நம்ம சங்கத்தையே ஆஸ்பத்திரியில சேக்கணும்."

"இருந்தாலும் திங்கக்கிழமை டாக்டர்கிட்டப் போய்க் கேட்டுடலாம். நானும் வரேன்," என்றாள் பெரில். "என்னன்னு தெரிஞ்சுட்டா, தெரிஞ்ச பிறகு பாத்துக்கலாம்."

கிளைவ் தலையாட்டினார். பயம் போய்விட்டதா என்று கேட்டால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அது இப்போது அவர் ஒருவருடையதாக இல்லை.

"மேட்லாக்காரர் வராரே," என்றார்.

"வர வேணாம்னு சொல்லிடறேன். ஏற்கெனவே கிளம்பியிருந்தா, வந்து டீ குடிச்சிட்டுப் போகட்டும்," என்று பெரில் மறுபடி போனை எடுத்தாள்.

டென்னிஸ் மேசையில் துழாவி வெள்ளைப் பெயின்ட் டப்பா ஒன்றைத் தேடியெடுத்தார். "இனிமே ஒவ்வொரு நட்டுக்கும் ரெண்டு கோடு. மஞ்சள் உனக்கு, வெள்ளை எனக்கு. ரெண்டும் இல்லாம வண்டி நகராது. சரியா?"

ஸ்டியரிங் நட்டைத் தளர்த்தினார்கள். டென்னிஸ் முறுக்க, கிளைவ் தண்டு அசையாமல் பிடித்துக்கொண்டார். 'டக்' என்றது. இருவருக்கும் கேட்டது. கிளைவ் மஞ்சளைத் தீட்டினார், டென்னிஸ் பக்கத்திலேயே வெள்ளையைத் தீட்டினார்.

தூரிகையைத் துடைத்துவிட்டு டென்னிஸ் பாய்லரை மூடியிருந்த படுக்கை விரிப்பின் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அது இன்னும் ஒழுகுதா?"

கிளைவ் கொஞ்சம் யோசித்தார். பிறகு விரிப்பை அவரே விலக்கினார்.

"பாரு. ஒரு சொட்டெல்லாம் ஒழுகலே இல்லன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப எனக்கே சரியாத் தெரியல."