நாற்பது வாக்கும் ஒரு நூலக அட்டையும்

ஒரு பெண் என்ன புத்தகம் வாசிக்கிறாள் என்ற இரகசியத்துக்கு எங்கள் ஊரில் நாற்பது வாக்கு விலை. இது 2018 பெப்ரவரி நிலவரம். விலை சொன்னவர் தவராஜா. சொன்ன இடம் என் கடை, வெங்காய மூட்டைக்கும் கல்லாப்பெட்டிக்கும் நடுவில்.

ஊர் சுவிட்சர்லாந்தில், டீட்டிகோனுக்குப் பக்கத்தில். பெயர் வேண்டாம், என்னிடம் சாமான் வாங்குகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். நகர மன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. என் சிநேகிதன் சிவநேசனின் மகள் சாருஜா மூன்றாம் இலக்கக் கட்சிப் பட்டியலில் நின்றாள். முப்பத்தொரு வயது, இங்கேயே பிறந்தவள், நகர நூலகத்தில் நூலகர். அந்த மன்றத்துக்குள் அதுவரை கால் வைத்த தமிழர் எல்லாரும் மாலையில் தரை துடைக்கப் போனவர்கள். கதிரையில் உட்கார ஒருத்தி போகட்டும் என்று சிவநேசன் ஆசைப்பட்டான். விலை பேசிப் பழகிய வாய் என்று தமிழ் வாக்குகளைத் திரட்டும் வேலையை என் தலையில் கட்டினான்.

இந்த நாட்டு வாக்குச் சீட்டில் ஒரு வசதி உண்டு. பிடித்த பெயரை இரண்டு தரம் எழுதலாம். பிடிக்காத பெயரைக் கோடு போட்டு வெட்டலாம். வாயில் நுழையாத பெயர்களில்தான் கோடு அதிகம் விழும் என்று சாருஜாவின் கட்சிக்காரர்களே சொல்லிவிட்டார்கள். சென்ற முறை அதே பட்டியலில் கடைசி ஆசனம் முப்பது வாக்கில் கை மாறியதாம். ஆகவே வீட்டுக்குத் தபாலில் வரும் ஒவ்வொரு வாக்கு உறையும் எங்களுக்குத் தங்கக் காசு.

தவராஜா துப்புரவுக் கம்பனி வைத்திருப்பவர். ஊர்த் தமிழரில் பாதிப் பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள். மீதிப் பேர் அவரிடம் வேலை கேட்டு நிற்கிறார்கள்.

"அண்ணை, பிள்ளையை வெல்ல வைக்கிறது என்ர கையில இருக்கு. நாற்பது வோட். நாற்பதிலயும் பேர் ரெண்டு தரம்."

"நல்லது. விலை?"

"விலையோ? எங்கட பிள்ளைக்கு நான் விலை கேப்பனோ?"

"கேக்கிறதுக்கு இல்லாட்டில் நீர் இவ்வளவு நேரம் வெங்காயத்தைப் பாத்துக்கொண்டு நிக்கமாட்டீர். சொல்லும்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். நகர நூலகத்தின் அட்டை. அதில் அவருடைய மனைவி ஜெயகௌரியின் பெயர்.

"இவளின்ர குளிர்ச்சட்டைக்குள்ள கிடந்தது. ஆறு வருசமா ஒரு பேப்பர் வாசிக்காதவள் எனக்குத் தெரியாமல் கார்ட் எடுத்திருக்கிறாள். என்ன புத்தகம் எடுக்கிறாள் எண்டு சாருஜாவைக் கேட்டுச் சொல்லுங்கோ. பேர் மட்டும் காணும்."

வாங்குவது பயறென்றாலும் ஒரு பிடி அள்ளிப் பார்க்கிற பரம்பரை நான்.

"சரக்கை முதல்ல பாப்பம். நாற்பது எண்டீர். தவச்செல்வன் வீட்டில நாலு பேர், நாலும் சி விசா. அவைக்கு வோட் எங்கால? கலாவதி வீட்டில மூண்டு, அதில மகளுக்கு மட்டும்தான் சிவப்புப் பாஸ்போர்ட்."

வீடு வீடாகக் கழித்தேன். எந்த வீட்டில் எந்தப் பாஸ்போர்ட் என்று பலசரக்குக் கடைக்காரனுக்குத் தெரியாமல் போகாது. விழா வைத்துக் கொண்டாடாத குடியுரிமை எங்கள் ஊரில் இல்லை. இருபத்துமூன்றில் வந்து நின்றது.

"தவராஜா, உம்மட பாஸ்போர்ட் என்ன நிறம்?"

அவர் தொண்டையைச் செருமினார். "குடுத்திருக்கிறன். மறுமொழி வரேல்லை."

"அப்ப இருபத்திரண்டு."

"இருபத்திரண்டெண்டாலும் உங்களுக்குக் காணும் அண்ணை. என்ர ஆக்கள் ரெண்டு தரம் எழுதினால் நாற்பத்துநாலு. வெட்டினால் சைபர். எழுதுறதோ வெட்டுறதோ, நான்தான் சொல்லோணும்."

சிரிக்காமல் சொன்னார். பிறகு ஒரு கிலோ வெங்காயம் வாங்கி, ஐம்பது சதம் குறைக்கச் சொல்லி, குறைத்ததும் போனார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் நூலகத்துக்குப் போனேன். கொண்டுவந்த விலையை உரியவரிடம் சொல்லவேண்டியது தரகனின் தர்மம். சாருஜா திரும்பி வந்த புத்தகங்களை இயந்திரத்தில் காட்டிக்கொண்டிருந்தாள். மெல்லிய குரலில் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"இல்லை மாமா."

"முழுக்கக் கேளன்."

"கேட்டாச்சு. இல்லை."

"புத்தகத்தின்ர பேர்தானே பிள்ளை. ஊருக்குத் தெரியட்டும் எண்டு அட்டையிலயே பெரிசா அடிச்சிருக்கு."

"பேர் இரகசியமில்லை. ஆர் எடுத்தது எண்டதுதான் இரகசியம்."

இவளுக்கு இந்த அரசியல் ஆசை அமெரிக்காவில் தொற்றியது. ஒஹாயோவில் ஒரு சின்ன ஊர் நூலகத்தில் ஏழு மாதம் வேலை பழகியவள். அங்கே நூலகர்கள் மேயராவதும் மாநில சபைக்குப் போவதும் புதினமில்லை என்பாள். அவளுடைய மேலாளரும் சபைக்கு நின்ற பெண்மணிதான்.

"தேர்தலுக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க ஷெரீஃப் வந்தார், மாமா. ஒரு ஆள் என்ன வாசிக்கிறார் எண்டு கேட்டார். அவ, நீதவானிட்ட இருந்து கடிதம் கொண்டு வாங்கோ எண்டு அனுப்பிப்போட்டா."

"பிறகு?"

"தோத்தா."

"நல்ல உதாரணம் சொன்னாய்."

"திரும்பவும் நிண்டா. மூண்டாந் தரம் வெண்டா."

"அமெரிக்கா பெரிய நாடு பிள்ளை, ரெண்டு தரம் தோக்க இடமிருக்கு. இஞ்ச முப்பத்தாறு கதிரைதான். நாற்பத்துநாலு வோட் உன்னை ஒண்டில இருத்தும்."

"ஜெயகௌரி அக்காவை எங்க இருத்தும்?"

திரும்பினேன். பத்திரிகைகள் தொங்கும் கம்பிகளுக்குப் பின்னால், மூலை மேசையில், ஜெயகௌரியே உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு அகராதி, ஒரு தடித்த மஞ்சள் புத்தகம். என்னைக் கண்டதும் உள்ளங்கையால் தலைப்பை மூடினாள். அதற்குள் வாசித்துவிட்டேன். கணவனையோ மனைவியையோ பிரிய நினைக்கும் வெளிநாட்டவருக்கான, ஜெர்மன் மொழியில் எழுதிய சட்டக் கையேடு.

"அண்ணை, கண்டதைக் காணாத மாதிரி விடுங்கோ," என்றாள். "விட்டிட்டுப் போனால் உன்ர விசாவை வெட்டிப் போடுவாங்கள் எண்டு ஆறு வருசமாச் சொல்லுறார். இதில அப்பிடி இல்லை எண்டு கிடக்கு. மூண்டு வருசம் சேர்ந்து இருந்து, பாஷையும் வேலையும் இருந்தால் நிக்கலாமாம். மூண்டு தரம் வாசிச்சிட்டன். புதன்கிழமை ஆலோசனைக்கு நேரம் தந்திருக்கினம். அதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சால் என்ர பாஸ்போர்ட்டை எடுத்து ஒளிச்சுப்போடுவார். முந்தியும் ஒருக்கா ஒளிச்சவர்."

"உன்ர கார்ட் எங்க?"

சட்டைக்குள் கை விட்டாள். உள்பையைத் தடவினாள். முகம் வெளுத்தது.

"அவரிட்ட இருக்கு," என்றேன்.

அந்த நேரம் பார்த்து வாசல் கண்ணாடிக் கதவு விலகியது. தவராஜா. என்னை நம்பி ஒரு இரவு பொறுத்ததே அவருக்குப் பெரிது. ஜெயகௌரி எழுந்து பயண நூல்கள் இருந்த அலுமாரிக்குப் பின்னால் போனாள். புத்தகம் மேசையிலேயே கிடந்தது. என் குளிர்ச்சட்டையைக் கழற்றி அதன் மேல் போட்டுவிட்டு, கையில் அகப்பட்ட பத்திரிகையை விரித்து உட்கார்ந்தேன். அது பிரெஞ்சுப் பத்திரிகை. எனக்கு வணக்கம் சொல்லக்கூடப் பிரெஞ்சு தெரியாது.

தவராஜா அட்டையைச் சாருஜாவின் முன் வைத்தார்.

"பிள்ளை, இதில என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பார். எனக்கு இன்டர்லாக்கனில ஹோட்டல் கொன்ட்ராக்ட், நேரமில்லை. பின்னேரம்தான் திரும்புவன்."

சாருஜா அட்டையை இயந்திரத்தில் காட்டினாள். இரண்டு விசைகளை அழுத்தினாள்.

"என்ன காட்டுது?"

"அட்டை நிப்பாட்டியாச்சு எண்டு காட்டுது."

"என்ன?"

"சொந்தக்காரரிட்ட இல்லாமல் வேற ஆளிட்ட இருந்து வந்த அட்டையை நாங்கள் வாங்கி வைக்கோணும். அக்கா வந்து கேட்டால் புதுசு குடுப்பம்."

"வேற ஆளோ? நான் அவளின்ர புருஷன்!"

"ஓம் அங்கிள். உங்கட கலியாண வரவேற்புக்கு நானும் வந்தனான். சாப்பாடு நல்லா இருந்தது."

சிறுவர் பகுதியிலிருந்த சுவிஸ் தாய் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். தவராஜா குரலைத் தாழ்த்தினார். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது.

"இருபத்திரண்டு கோடு விழும். உன்ர மாமாவைக் கேள், கணக்குப் பாத்தது அவர்தான்."

சாருஜா என்னைப் பார்த்தாள். கணக்குச் சரியென்று தலையசைத்தேன். அவள் அட்டையை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். காது இரண்டும் சிவந்திருந்தன.

"கோடு போடுறது அவையின்ர உரிமை அங்கிள். ஆனால் அவையின்ர கையால போடட்டும். ஆராவது வீடு வீடா உறை சேர்த்து எழுதினால் அது குற்றம். அதையும் இப்பவே சொல்லி வைக்கிறன்."

தவராஜா நேராக என் மேசைக்கு வந்தார். அலுமாரிக்குப் பின்னால் இருந்தவள் மூச்சு விட்டாளோ தெரியாது, நான் விடவில்லை. அவர் குனிந்து ஒரு கையை மேசையில் ஊன்றினார். மேசையில் இல்லை, என் சட்டையில். சட்டைக்குக் கீழே மஞ்சள் புத்தகம்.

"அண்ணை, நீங்கள் வந்து கனநேரம் போல. இவள் வந்தவளோ? என்ன புத்தகம் எண்டு கண்டனீங்களோ? இந்தத் தேர்தல் மட்டுமில்லை, அடுத்ததும் தாறன். எழுதித் தரட்டோ?"

இல்லாத நாற்பதை விற்க வந்த மனிதர் முன்னால், இருக்கிற ஒன்றை விற்காமல் இருப்பது எவ்வளவு வேர்வை என்று அன்று கண்டேன். சிவநேசனின் முகம் ஒரு தடவை வந்து போனது. நாற்பத்துநாலும் வந்து போனது.

"நான் பேப்பர் பாக்க வந்தனான்," என்றேன்.

அவர் விரல்கள் சட்டையை அழுத்தின. "என்ன இது, கீழ கல்லு மாதிரி?"

"சாருஜாவின்ர தேர்தல் நோட்டீஸ். கட்டுக் கட்டாக் கிடக்கு. உம்மட ஆக்களுக்குக் குடுக்க ஒரு கட்டுத் தரட்டோ?"

அடுப்பில் பட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார். "நீங்களே வைச்சுக்கொண்டிருங்கோ. வெல்லுறாளோ பாப்பம்," என்று சொல்லி வெளியே போனார். அவருடைய கார் வளைவில் மறையும்வரை நானும் சாருஜாவும் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றோம்.

ஜெயகௌரி வெளியே வந்தாள். "வீட்டை வந்தவுடன கார்டைப் பற்றித்தான் கேப்பார். புதன் வரைக்கும் ஏலாது," என்றாள். அழவில்லை. சாருஜா அங்கேயே நின்று தொலைபேசி எடுத்தாள். பெண்கள் பாதுகாப்பு விடுதியில் அன்று மாலையே ஒரு அறை தருவதாகச் சொன்னார்கள்.

"இன்டர்லாக்கன் போய்வர அஞ்சு மணித்தியாலமாவது செல்லும்," என்றேன். "என்ர கடை வான் வெளியில நிக்குது. பாஸ்போர்ட் எங்க இருக்கு?"

"அவரின்ர பட்டுவேட்டியளுக்குக் கீழ."

அவளே போய் எடுத்தாள். நான் படிக்கட்டில் நின்றேன். கீழ்வீட்டுக் கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் வாசலை எட்டிப் பார்த்தேன். இரண்டு பைகள், ஒரு பாஸ்போர்ட், ஒரு விசா அட்டை. வானுக்குள் வெங்காய நாற்றம் தாங்காமல் அவள் கண்ணைத் துடைத்தாள்; வெங்காயம்தான் என்று நான் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஊர் முழுக்கக் கதை. குடும்பம் பிரித்த லைப்ரேரியன் என்று சாருஜாவுக்குப் பட்டம். கடையில் சிலர் என்னோடு கதைக்காமல் காசை வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் வரவேயில்லை. ஜெயகௌரிக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள், அவள் என்ன வாசித்தாள் என்று சாருஜாவைக் கேட்டவர்கள் பலர். ஒருவருக்கும் மறுமொழி கிடைக்கவில்லை. அவளுடைய தகப்பனுக்குக்கூட இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் ஊர்ப்பெண்கள் பாதிப் பேராவது அவள் பக்கம் திரும்பியிருப்பார்கள். அதையும் நான் சொல்லிப் பார்த்தேன்.

"அது என்ர கதையில்லை மாமா, சொல்லுறதுக்கு," என்றாள்.

இப்போது நான் எழுதுவதற்குக் காரணம், ஜெயகௌரியே எழுதுங்கோ என்றாள். அவளுக்கு விசா நீடித்துக் கிடைத்தது. டீட்டிகோனில் ஒரு பொதி அனுப்பும் கிடங்கில் வேலை. குடியிருப்பு எங்கள் ஊரிலேயே, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். வேறு ஊர் பார்க்கலாமே என்று கேட்டதற்கு, "பிழை செய்தவர் போகட்டும்," என்றாள்.

மார்ச் மாத ஞாயிறு பின்னேரம் நகரமன்ற வாசலில் முடிவை ஒட்டினார்கள். சிவநேசன் கிட்டப் போகவில்லை; என்னை அனுப்பினான். சாருஜா எனக்கு முன்னே போய் நின்று விரலை வைத்துத் தேடினாள். தேடி முடித்தும் விரலை எடுக்கவில்லை. தெருவின் மறுபக்கத்தில் தவராஜா இரண்டு பேரோடு நின்று, நான்தான் விழுத்தினேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இருபத்திரண்டு பேரில் நாலு பேர் வெட்டாமல் இரண்டு தரம் எழுதியிருந்தால் அவள் உள்ளே.

"அடுத்த தரம் நிப்பியோ?" என்று கேட்டேன்.

"நிப்பன். அதுக்குள்ள எங்கட ஆக்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் படிப்பிக்கோணும். ஜெயகௌரி அக்கா இப்பவே அதுக்கெண்டு புத்தகம் எடுத்திட்டா." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் அவள் வாயிலிருந்து கசிந்த ஒரே இரகசியம் அதுதான்.

மூன்றாம் பட்டியலின் கடைசி ஆசனம், 1,284 வாக்கு. சாருஜா சிவநேசன், 1,277. குறைவு ஏழு. ஜெயகௌரிக்கு வாக்குரிமை வர இன்னும் நாலைந்து வருடம் செல்லும். அவள் இரண்டு தரம் எழுதினாலும் ஐந்து குறையும்.