குப்புராஜ் குடித்த டீ

கம்பெனி எனக்குத் தர வேண்டியது இருபத்தேழாயிரத்து முந்நூறு ரூபாய். திருமுடிவாக்கத்தில் நானும் குப்புராஜும் ஒரே மாதிரி டிரில்லிங் மெஷினில்தான் நிற்கிறோம். அவனுக்கு ஆபரேட்டர் கூலி. பொம்பளை என்பதால் எனக்கு ஹெல்பர் கூலி. அந்த வித்தியாசம்தான் இந்தப் பாக்கி.

தாம்பரத்து வக்கீல் மாஹிரா மேடம் சொன்னாங்க: "அநியாயம்னு அழுதா எடுபடாதுக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே வேலைன்னு காட்டணும். குப்புராஜ் வந்து சொல்லுவாரா?"

வர்றேன் என்றான். ஆனால் விசாரணைக்கு முந்தின நாள் மேனேஜரோடு நின்று டீ குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். விலை போய்ட்டான் என்றே நினைத்தேன்.

லேபர் ஆபீசில் மேனேஜர் அதிகாரியிடம், "இந்தம்மா செய்றது லேசான வேலை சார்" என்றார்.

மேடம் குப்புராஜிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாங்க. "நீங்க லீவு போட்டா உங்க மெஷின்ல யாரு நிக்கிறாங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். அதிகாரியைப் பார்த்துச் சொன்னான்.

"மேரியக்காதான் சார். அவங்க லீவு போட்டா அவங்க மெஷின்ல நான்."

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். பாக்கியைத் தர மேனேஜர் ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "நேத்து அந்தாளுகூட இன்னாடா பேச்சு?"

"வாய மூடிக்கோன்னு டீ வாங்கிக் குடுத்தாருக்கா. டீய குடிச்சேன், வாய மூடல. அதுக்கா காலைலேர்ந்து என்னை மொறைச்சிகினு கீற?"

கம்பெனி கொடுத்த செக்கையும் நான் நம்பவில்லை. அதை பேங்கில் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கி, அங்கேயே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். முழுப் பணமும் ஏறியிருந்தது.