எண்ணெய் தடவிய கால்

நாற்பது பேரின் எண்பது கால்களை அளந்தவள் நான். அப்படிச் சொல்லிக்கொள்வதில் அப்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது. 1976, மார்ச் மாதம். புதுச்சேரியில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். மனிதத் தோல் வழியே மின்சாரமும் வெப்பமும் எப்படிக் கடக்கின்றன என்பது என் ஆய்வு. உப்பில் வருடக்கணக்கில் நின்று காய்த்துப்போன தோலை அளந்து பார் என்று பேராசிரியர் சொன்னார். மீட்டரையும் இரண்டு பித்தளைத் தகடுகளையும் தூக்கிக்கொண்டு மரக்காணம் பஸ் ஏறினேன்.

ராஜாங்கம் என்பவரின் உப்பளம். வெயிலுக்குப் பயந்து நான் வரப்போரக் கொட்டாயை விட்டு நகரவே இல்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து தகட்டுக்கு ஒரு காலாக வைத்து நின்றார்கள். மீட்டரின் முள் அசையவே யோசித்தது. என் காலைவிடப் பல மடங்கு தடை. சுட வைத்த தகட்டிலோ, நான் துள்ளிக் குதித்த சூட்டில் அவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றார்கள். தகடுகள் மட்டும் அடிக்கடி வழவழவென்று ஆயின. வியர்வை என்று நானே முடிவுசெய்து, ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் துணியால் துடைத்தேன். ஏன் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவள் எதற்குக் கேட்க வேண்டும்?

அதிகத் தடை காட்டியது சடையப்பனின் கால்தான். கழுவெளி ஏரியின் உப்புத் தண்ணீரை உப்புப் பாத்திகளுக்கு இறைக்க அந்த வருடம்தான் கரண்ட் மோட்டார் வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் அவர். முள் நகராததைப் பார்த்து, "உனுக்குத்தான்யா பஸ்ட் மார்க்கு" என்று அவர் மனைவி சுலோசனா கிண்டல் செய்தார். சடையப்பன் வெட்கத்தோடு சிரித்தார்.

கடைசி நாள் ராஜாங்கம் என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அப்ப இவங்க காலுல கரண்ட் ஏறாதா?"

"ஏறும் சார். ஆனா மத்தவங்களவிட ரொம்பக் கம்மி."

"நம்ம உப்பளத்துப் பேரப் போட்டு அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடேன். பிரேம் போட்டு மாட்டிடுறேன்."

ஒரு முதலாளி என் படிப்பை மதித்துக் கேட்கிறாரே என்று பூரித்துப்போனேன். தமிழில் நாலு வரி எழுதி, ஜோசப்பின் என்று நீட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது முறை அளப்பதற்கு ஜூனில் போனபோது மோட்டாரருகே வேறு ஆள் நின்றிருந்தார். சடையப்பன் செத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்றார். கொட்டாய்ச் சுவரில் என் காகிதம் கண்ணாடிக்குள் பத்திரமாகத் தொங்கியது.

அனுமந்தை கிராமத்துப் பக்கம் இருந்த சடையப்பன் வீட்டுக்குத் தேடிப் போனேன். சுலோசனா அழவில்லை, அழுது முடித்திருந்தார்.

"பாத்தித் தண்ணியில நின்னுக்கினே மோட்டாரத் தொட்டாரு. அப்டியே சாஞ்சிட்டாரு. நெஞ்சு வலின்னு மொதலாளி சொல்லிட்டாரு. அன்னிக்கே எரிச்சிட்டோம். இப்ப மனு போட்டிருக்கேன், நாளைக்குக் கரண்ட் இன்ஸ்பெக்டர் வர்றாரு. உங்க சீட்டக் காட்டி, இந்தக் காலுல கரண்ட் ஏறாதுன்னு சொல்லப் போறாங்களாம் டீச்சரம்மா."

இழவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் என் எண்ணுக்காக வாதாடினேன். "நானே அளந்தேனேக்கா. நாற்பது பேருக்கும் அப்படித்தானே காட்டுச்சு?"

"வேல செய்யுற கால எங்க அளந்தீங்க? பாத்திய விட்டு ஏறுனதும் நல்ல தண்ணியில கழுவி, தொடச்சி, எண்ண தடவிக்குவோம். இல்லன்னா வெடிச்சி ரத்தம் வந்துடும். தெனம் செய்யுறதுதான். அன்னிக்குப் படிச்ச பொண்ணு காலத் தொட்டுப் பாக்கப் போவுதேன்னு இன்னும் கொஞ்சம் சேத்தே தடவிக்கினு வந்தோம்."

கழுவித் துடைத்து எண்ணெய் போட்ட காலை அளந்துவிட்டு, உப்புத் தண்ணீரில் நிற்கும் காலுக்கு நற்சான்று கொடுத்திருக்கிறேன். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் மூன்று மாத வேலையும் போகும், கல்லூரியில் பெயரும் போகும். நாளைக்கு வராமலே இருந்துவிடலாமா என்று திரும்பும் பஸ்ஸில் நினைத்தேன். நினைத்ததை மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மீட்டரோடு போய் இறங்கினேன்.

இன்ஸ்பெக்டர் நடராசன் கண்ணாடிச் சட்டத்தைக் கையில் வைத்திருந்தார். "இது உங்க கையெழுத்தாம்மா?"

"கையெழுத்து என்னுதுதான் சார். எழுதினது தப்பு."

சுலோசனாவைப் பாத்தியில் இறங்கி நிற்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, துடைக்காமல் அப்படியே தகட்டில் ஏறச் சொன்னேன். அன்று நகர யோசித்த முள் ஒரே ஓட்டமாக மறுகோடிக்கு ஓடியது.

"வெடிப்புல உப்புத் தண்ணி எறங்கிடுது சார். வேலை நேரத்துல இந்தக் கால் கரண்டைத் தாராளமா விடும். மோட்டார்ல லீக் இருக்கான்னு பாருங்க. எர்த் கம்பி இருக்கான்னும் பாருங்க."

லீக் இருந்தது. எர்த் கம்பி இல்லை.

"நீயே எழுதிக் குடுத்துட்டு நீயே மாத்திப் பேசுறியேம்மா!" என்று ராஜாங்கம் கத்தினார்.

"நான் எழுதினது என் தப்பு. எர்த் போடாதது உங்க தப்பு. ரெண்டையும் எழுதிக்குங்க சார்."

மின்சாரம் தாக்கி மரணம் என்று நடராசன் எழுதி, என்னிடமும் கையெழுத்து வாங்கினார். காகிதத்தைக் கண்ணாடியோடு எடுத்துப் பைலில் வைத்துக்கொண்டார்.

சுலோசனா வரப்பில் போய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேனே, ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அப்படியொரு நினைப்பு.

"முந்தியெல்லாம் மோட்டாரத் தொடணும்னா பலகை போட்டு அதும்மேல ஏறி நிப்பாரு. கையில துண்டு சுத்திக்குவாரு. அவ்ளோ பயம்," என்றார், பாத்தியைப் பார்த்தபடி. "உங்க சீட்டு மாட்டுனப்புறம், எனக்கு எதுக்குடி பலகைன்னு தூக்கிப் போட்டுட்டாரு."

"என்ன மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"அவரு உங்கள ரொம்ப நம்புனாரு," என்றார் சுலோசனா.