ஐந்து பக்கம் ஒரு கட்டு

அன்று மதியம் பீடிக் கொட்டகையில் இருந்தவர்கள்: கொட்டகைக்குச் சொந்தக்காரி கிருபாவதி, வாசலோரம் நாற்காலியில். ஆலங்காயத்துக்கு வந்த ஒரு படத்தையும் விடாத அம்மாக்கண்ணு, சுவரில் சாய்ந்து. கட்டுகளுக்கு லேபிள் ஒட்டும் குப்பன், ஒரு காது கேட்காது. கதவுக்கு நேர் எதிரில் பாஞ்சாலி, மடியில் முறம். பீடி சுற்றவே வராத சந்தியாகு, ஸ்டூலில், கையில் புத்தகம். இன்னும் ஆறேழு பெண்கள் உண்டு. அவர்கள் வாயைத் திறக்கப் போவதில்லை. கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னும் வராத ஆள் ஒருவன். பாஞ்சாலியின் புருஷன் சடையன். நாலு வருஷம் முன்னால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கென்று போனவன் ஒரு கடுதாசிகூடப் போடவில்லை. போன வாரம் சந்தவாசலில் இருக்கும் தன் அக்கா வீட்டில் வந்து இறங்கி, "வியாழக்கிழமை வந்து கூட்டிக்கினு போறேன், பொட்டியைக் கட்டி வெச்சிரச் சொல்லு" என்று ஆள்விட்டுச் சொல்லியிருந்தான். அன்று வியாழக்கிழமை. பாஞ்சாலி அவனோடு போவாளா, மாட்டாளா என்பது அவளைத் தவிர எல்லோருடைய வாயிலும் இருந்தது.

சந்தியாகுவுக்குக் கொட்டகையில் வேலை புத்தகம் வாசிப்பது. அதற்கு முன் வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் ராத்திரி ஷிப்டு பார்த்தான். விடியற்காலை ஷிப்டு முடிந்ததும் படுக்கப் போகாமல் காலைக் காட்சி இங்கிலீஷ் படத்துக்குப் போய்விடுவான். அங்கே முழித்த கண் ராத்திரி தோல் உருளும் பீப்பாய்க்குப் பக்கத்தில் மூடிக்கொள்ளும். மூன்று தடவை தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். நாலாம் தடவை எழுப்பவில்லை, கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், வேலையும் போய் ஊர் திரும்பியபோது கையில் இருந்தது ஒரு பை நிறைய மொழிபெயர்ப்பு நாவல்கள். வேனில் வைத்து மலிவாக விற்றவை. கெட்டி அட்டை, கனத்த தாள்.

கிருபாவதி சபைக்குப் போகிற குடும்பம். கொட்டகையில் சினிமாப் பாட்டு கூடாது என்பது அவளுடைய சட்டம். பாட்டு இல்லாவிட்டால் கை மந்தப்பட்டுவிடும், ஆனபடியால் புத்தகம். சந்தியாகு வாசிப்பான், அவன் பங்குக்கு ஆளுக்குக் கொஞ்சம் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். கொஞ்ச நாளிலேயே புத்தகம் கடிகாரமாகிவிட்டது. ஒரு பக்கம் வாசித்து முடிக்க அஞ்சு பீடி. ஐந்து பக்கம் ஒரு கட்டு. "பசிக்குதுடி" என்று ஒருத்தி சொன்னால் "இன்னும் பத்துப் பக்கம் போவட்டும்" என்று இன்னொருத்தி சொல்வாள்.

சினிமா விஷயத்தில் சந்தியாகுவும் அம்மாக்கண்ணுவும் கீரியும் பாம்பும்.

"நம்ம படத்துல மொதல் ரீல்லயே ஆத்தாக்காரி இருமுவா. இருமுனா முடிஞ்சிது, கடைசில செத்துருவான்னு பச்சைப் புள்ளைக்கும் தெரியும். அங்க அப்டி இல்ல. ஒருத்தன் சாவுறான், பக்கத்துல இருக்கறவன் தொப்பியக் கழட்டிட்டு, திரும்ப மாட்டிக்கினு போறான். அவ்ளோதான். நமக்கு நெஞ்சு அடைக்குது" என்பான் சந்தியாகு.

"அழுவாத சனம் இன்னா சனம்டா? நீ கதை சொன்ன ஒரு படத்துலயாவது எவனுக்காவது தங்கச்சி கீறாளா? கல்யாணம், காட்சி, ஒரு சோறு போடறது? குதிரைல வர்றான், சுடறான், குதிரைல போறான். குதிரைக்குத்தான் படமே."

"சண்டை இருக்குதில்ல?" என்று குப்பன் கேட்கிற காதைத் திருப்புவார்.

"யோவ், ஒனக்கு லேபிள் கோணலாப் போவுது, அதப் பாரு" என்பாள் அம்மாக்கண்ணு.

பாஞ்சாலி இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சேர்ந்ததில்லை. டூரிங் கொட்டாய்க்கு வாழ்நாளில் இரண்டே தடவை போனவள். ஆனால் புத்தகம் வாசிக்கும்போது அவளைப் போல் கேட்பவர்கள் கிடையாது. தலை நிமிராது. விரல் இலையில், காது அங்கே.

இந்த நாவலை ஆரம்பித்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. பனிக்கட்டி உறையும் ஏதோ ஒரு தேசம். அகலமான ஆறு. தாரியா என்கிற பெண் அந்த ஆற்றில் பரிசல் போல ஒரு தோணி ஓட்டுகிறாள். தோணி அவள் புருஷனுடையது. புருஷன் ஒரு நாள் அக்கரைக்குப் போனவன் திரும்பவில்லை. ஏழு வருஷம். இவள் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறாள், கை காய்த்துப் போகிறது, ஊரே அவள் தோணியில்தான் ஆற்றைக் கடக்கிறது. அந்தக் குளிரைப் பற்றி வாசித்தபோது ஜவ்வாது மலையடிவாரத்துப் பங்குனி வெயிலில் அம்மாக்கண்ணு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சந்தியாகு அதைக் கண்ணால் பார்த்தான். அச்சில் ஏறிய எழுத்து ஒரு பொம்பளையின் தோளைக் குளிரவைக்கும் என்பதை அவனுக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை.

இன்று கடைசிப் பகுதி. நடுராத்திரி, பனிப்புயல், தாரியாவின் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். "தாரியா, நான்தான்" என்கிறது குரல். அவள் விளக்கைக் கையில் எடுக்கிறாள். கதவருகே வருகிறாள்.

கொட்டகையில் நூல் அறுக்கும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. யாரும் பாஞ்சாலியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் பாடுபட்டார்கள்.

சந்தியாகு எதிர்ப்பக்கத்துக்குப் போனான்.

அங்கே தாரியாவுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. அவன் ஒரு கணம் விழித்தான். பக்க எண் பதினேழு. முந்தின பக்கம் முந்நூற்று நாலு. பைண்டிங்கில் தப்பு. கடைசிப் பதினாறு பக்கங்களுக்குப் பதிலாக ஆரம்பத்துப் பதினாறு பக்கங்களையே இன்னொரு முறை வைத்துத் தைத்திருந்தார்கள். முன்கூட்டியே புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அவனுக்கு ஒரு வீம்பு: கேட்கிறவர்களுக்குத் தெரியாதது தனக்கும் தெரியக்கூடாது. ஒரு நாளும் முன்னால் போய் வாசித்ததில்லை.

"இன்னாடா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றாள் அம்மாக்கண்ணு. "தொறந்தாளா இல்லியா?"

முடிவு இல்லை என்று சொல்லியிருக்கலாம். பதினெட்டு நாள் இழுத்து வந்துவிட்டு, அதுவும் இன்றைக்கு, எப்படிச் சொல்வது? கல்யாணப் பக்கத்தைப் பார்த்தபடியே, வாசிக்கும் குரலில், சொந்தமாக ஆரம்பித்தான்.

தாரியா விளக்கை ஊதி அணைத்தாள் என்றான். கதவில் கையை வைத்தாள், ஆனால் திறக்கவில்லை. வெளியே தட்டும் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. விடிந்தபோது பனி ஜன்னல் வரை ஏறியிருந்தது, வாசலில் ஒரு மேடு தெரிந்தது, அவள் அதைத் தாண்டித் தோணிக்குப் போனாள். காலைக் காட்சிகளில் அவன் பார்த்த அத்தனை படங்களின் அடக்கமும் அதில் இருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. "முற்றும்" என்று புத்தகத்தை மூடப் போனான்.

"அடிப்பாவி!" என்றாள் அம்மாக்கண்ணு. "கட்டின புருஷன வெளில வெச்சுக் கொன்னுட்டாளே! இது ஒரு கதையா? காலைப் புடிச்சி அழுதான், இவ தூக்கி நிறுத்தினான்னு இருக்கணும். அப்பத்தான் சனம் நிம்மதியா வூட்டுக்குப் போவும்."

"ரெண்டு தட்டு தட்டிட்டு உள்ள வுட்டிருக்கலாம்" என்றார் குப்பன்.

கிருபாவதி உதட்டைப் பிதுக்கினாள். அவள் சபையில் மன்னிப்பைப் பற்றி வாராவாரம் கேட்டிருக்கிறாள்.

பாஞ்சாலி பீடியின் தலையை மடித்து முறத்தில் போட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சந்தியாகு, அது புஸ்தகத்துல இல்ல."

"இன்னாக்கா சொல்றே?"

"தாளைத் திருப்புனா ரெண்டு பக்கம், பத்து பீடி. நீ கடைசியாத் திருப்பினதுக்கு அப்புறம் நான் சுத்துனது இருவத்தி மூணு. நீ திருப்பவே இல்ல. இருவத்தி மூணு பீடிக்கு நீளற தாளு எந்த ஊர்ல அடிக்கிறான்?"

யாரோ சிரித்தார்கள். சந்தியாகுவுக்குக் காது சுட்டது. எழுத்துத் தெரியாத பொம்பளை. அவன் புத்தகத்தை அவள் விரலால் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள், இத்தனை நாளும், ஒரு பக்கம் தப்பாமல்.

"முடிவு இல்லக்கா" என்றான். "மாத்தித் தைச்சிட்டான். பாரு, மறுபடியும் கல்யாணம்."

புத்தகத்தை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நீ சொன்னதும் சினிமாதான். அம்மாக்கண்ணு அக்கா சொல்றதும் சினிமாதான். ஒருத்தரு கால்ல வுழ வெக்கிறீங்க, இன்னொருத்தரு சாவடிக்கிறீங்க. ரெண்டுமே மறுநாள் காலைல எந்திரிச்சி வேலைக்குப் போவாதவங்க சொல்றது."

"அப்போ நீ சொல்லேன்டி" என்றாள் அம்மாக்கண்ணு.

பாஞ்சாலி அடுத்த இலையை எடுத்தாள். தூளை வைத்தாள். சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"தொறப்பா. அந்தக் குளிர்ல நாயி வந்து நின்னாலும் தொறப்பா. அடுப்புக்கிட்ட ஒக்கார வெப்பா. கஞ்சி ஊத்துவா. அவன் ஏதோ சொல்லுவான், ஏழு வருசக் கதை. கேட்டுக்குவா. அழ மாட்டா, அழறதெல்லாம் மொத வருசத்துலயே முடிஞ்சிருக்கும். அவன் தூங்குவான், அவ தூங்க மாட்டா. காலைல ஆத்தங்கரைல ஆளுங்க காத்துக்கினு இருப்பாங்க இல்ல? தோணிய எடுக்கணும். அவனையும் ஏறுன்னுவா. தன் தோணின்னு நெனைச்சி அவன் துடுப்பு மேல கைய வெப்பான். அவ, 'அங்க ஒக்காரு, ஆளுங்க ஒக்கார்ற எடத்துல'ன்னுவா. அக்கரைல எல்லாரையும் போல எறக்கி வுட்டுட்டு, அங்க நிக்கிற ஆளுங்கள ஏத்திக்கினு வருவா. அவ்ளோதான்."

யாருடைய கையும் ஓடவில்லை. கிருபாவதி கேட்கவில்லை, ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று.

சந்தியாகு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இத்தனை வருஷம், தூக்கம் கெட்டு, வேலை கெட்டு, அவன் எதைத் தேடிப் போனானோ அது இது. ஆட்கள் உட்காருகிற இடத்தில் உட்கார். இதை எழுத எவனுக்கு வரும்? அச்சில் விட்டுப்போன அந்தப் பதினாறு பக்கங்களில் இதைவிட நல்லதாக ஒன்று இருக்கும் என்று அவனால் நம்ப முடியவில்லை. இருந்தால் பயமாகத்தான் இருக்கும்.

"பாஞ்சாலீ" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

சடையன் நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ரெக்ஸின் பை, முகம் வற்றிக் கிடந்தது. எதிர்பார்த்த அளவுக்கு அவன் முரடனாக இல்லாதது சந்தியாகுவுக்கு ஏமாற்றமாக இருந்தது. சாதாரண ஆள். பசித்த ஆள்.

"வாரியா, நாலரை பஸ் இருக்குது."

பாஞ்சாலி எழுந்தாள். மடியில் விழுந்த தூளைத் தட்டினாள். "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"வா."

அவள் வீடு எதிர்ச் சாரியில், பத்துத் தப்படி தூரத்தில். சடையன் போன பிறகு அவள் பீடி சுற்றிக் கட்டிய ஓர் அறை, மேலே தகரம். இடித்த பங்களா ஒன்றிலிருந்து வாங்கிய பெரிய தேக்குக் கதவு, அந்த வீட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாதது. இருவரும் தெருவைத் தாண்டி உள்ளே போனார்கள்.

"அப்பாடா" என்று அம்மாக்கண்ணு மூக்கைச் சிந்தினாள். "வாய்லதான் வீம்பு பேசறா. பாத்தியா, கூட்டிக்கினு போய்ட்டா. நான் சொன்ன முடிவுதான்."

"அவ எடத்துக்கு வேற ஆள் பாக்கணும்" என்றாள் கிருபாவதி. குரலில் கோபமா வருத்தமா என்று தெரியவில்லை.

சந்தியாகு அவளுடைய முறத்தைப் பார்த்தான். எழுந்து போகும் அவசரத்திலும் பாஞ்சாலி வெட்டி வைத்த இலையின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடியிருந்தாள். மூடாமல் விட்டால் இலை அரை மணியில் காய்ந்து நொறுங்கும். திரும்பி வராதவள் எதற்கு இலையை ஈரமாக வைப்பாள்? புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தான். படம் பார்க்கும்போதுகூட அவன் இப்படி மூச்சை அடக்கியதில்லை.

திறந்த கதவுக்குள் சடையன் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது தெரிந்தது. அவள் குழம்பு ஊற்றினாள். அவன் ஏதோ சொன்னான், கையை ஆட்டி ஆட்டி, நிறையச் சொன்னான். அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை சோறு போட்டாள். மோரும் ஊற்றினாள். அவன் கை கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். ஒன்றையும் குறைக்கவில்லை.

பிறகு மூலையிலிருந்த அவன் பையை எடுத்துத் தூசி தட்டி அவன் கையில் கொடுத்தாள். அவன் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். தெருவைத் தாண்டி அது கேட்கவில்லை.

குப்பன் கேட்கிற காதைத் திருப்பி, "இன்னா சொன்னா?" என்றார்.

சடையன் தெருவில் இறங்கினான். அவள் பின்னாலேயே வெளியே வந்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் அந்தத் தேக்குக் கதவை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தி, திண்டுக்கல் பூட்டை மாட்டிச் சாவியைத் திருகி, ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு தெருவைத் தாண்டி, ஈரச் சாக்கு மூடிய தன் முறத்துக்குத் திரும்பினாள்.