மரை அறுந்த போல்ட்

ஸ்ரீகண்டன் இறந்து ஒரு வருஷமாகி, வருஷாப்திகம் முடிந்த அன்று பிற்பகல், அவனுடைய மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றக் கொல்லைத் தொழுவத்துக்குள் நுழைந்தார் அவன் அண்ணா வெங்கடேஸ்வரன். சர்க்கார் கச்சேரியில் பைல் கட்டிப் பழகிய கை, ஸ்பானர் பிடித்ததில்லை. தம்பி செய்யும்போது ஓரமாக நின்று மூக்கைச் சுளித்துக்கொண்டு பார்த்ததோடு சரி.

மறுநாள் வண்டி கைமாறுகிறது. வித்துராவில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டராக இருக்கும் ஞானசிகாமணிக்கு அதைக் கொடுத்துவிடச் சொல்லி, படுக்கையில் கிடந்தபோதே ஸ்ரீகண்டன் சொல்லியிருந்தான். எஸ்டேட்டுகளுக்குக் கணக்குப் பார்க்கப் போன இடத்தில் ஸ்ரீகண்டனுக்கு அமைந்த சிநேகிதம். மருந்துப் பெட்டியோடு மலைப்பாதையில் ஏறி இறங்க அந்தக் கம்பவுண்டருக்கு ஒரு வண்டி இல்லாமல் தீராது. துக்க வருஷத்தில் யாரும் அதைத் தொடவில்லை.

கரமனைத் தெருவில் அவர்கள் வாசலில் இழைக்கோலம் போட்டுச் செம்மண் இட்டும் ஒரு வருஷம் ஆயிற்று. துக்கம் கழிந்து நாளைக்குத்தான் சுபம், மறுபடி கோலம். அந்தக் கோலத்தின் மேல்தான் வண்டி வந்து நிற்கப்போகிறது.

வெங்கடேஸ்வரனை அரித்தது அதுதான். போன வருஷம் ஆவணி அவிட்டத்தன்று கோலத்தின் நடுவே கறுப்பாக எண்ணெய் சொட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, தெருவே கேட்கும்படி தம்பியைப் பேசிவிட்டார். “வாசலா இது, ஒர்க் ஷாப்பா? வண்டியைக் கொண்டு எங்கேயாவது ஆத்துல தள்ளு.” அடுத்த நாளிலிருந்து ஸ்ரீகண்டன் பாலத்துக்கு அந்தப்புறம் ஒரு விறகுக்கடைச் சாய்ப்பில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே வந்தான். ஐப்பசியில் துலாமழை பிடித்த ஒரு சாயங்காலம் அப்படித் தொப்பலாக நனைந்து வந்தவன்தான். காய்ச்சல், நிமோனியா, அப்புறம் ஒன்றுமில்லை. நெஞ்சு முன்னமே பலவீனம், மழை ஒரு சாக்கு என்றார் டாக்டர். அதை நம்ப வெங்கடேஸ்வரன் பாடாய்ப் பட்டார்.

பழைய எண்ணெய் தாரையாக இறங்கி முடிந்ததும் எஞ்சின் அடித்துளையின் அடைப்பு போல்ட்டைத் துடைத்து மாட்டி இறுக்கினார். போதும் என்று தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம். கிணற்றடியில் கிடந்த இரும்புக்குழாயை ஸ்பானரின் வாலில் செருகி, சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். நாளைக்கு ஒரு சொட்டு விழக்கூடாது. போல்ட் முனகிற்று. பிறகு, எதிர்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கையை விட்டாற்போல, இளகிற்று.

கழற்றிப் பார்த்தால் அதன் பற்களில் ஜரிகை போல எஞ்சினின் மரை, துளைக்குள் வெட்டியிருந்த புரி, சுற்றிக்கொண்டு வந்திருந்தது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை நகத்தால் உரித்தெடுத்தார். பிறகு உள்ளே போய், அலமாரியில் மீந்திருந்த புதுப் பூணூல் ஒன்றை எடுத்து வந்தார். கெட்டியான நூல் என்று வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. போல்ட்டில் அதைச் சுற்றி, மேலே சோப்பைப் பூசி, துளைக்குள் திணித்துத் திருகினார். நின்றது. புது எண்ணெயை ஊற்றினார். அதுவும் நின்றது. மலை வளைவில் எண்ணெய் கொட்டிப்போனால் எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும் என்று ஸ்ரீகண்டன் ஒருதரம் சாப்பிடும்போது சொன்னதை நினைக்காமல் இருக்கப் பார்த்தார்.

காலையில் பல் தேய்க்கப் போனபோது தொழுவத்தில் ஸ்ரீகண்டனின் மனைவி பாகீரதி குனிந்துகொண்டிருந்தாள்.

“அண்ணா, இது என்ன நூல்?”

“கசியாம இருக்கட்டுமேன்னு சுத்தினேன்.”

“பூணூலா?” அவள் விரலில் சோப்புப் பிசுக்கு. “கொள்ளாம், நன்னாருக்கு. எஞ்சின் சூட்டுக்கு இது நிக்குமோ?”

அவர் பார்வை கிணற்றடி இரும்புக்குழாய்க்குப் போயிற்று.

“மரை போயிடுத்தா?”

“போயிடுத்து. கோலத்துல சொட்டப்படாதேன்னு குழாய் போட்டு இறுக்கினேன்.”

பாகீரதி நிமிர்ந்தாள். “அது இங்கேர்ந்து சொட்டல்லையே, அண்ணா. பின்னாடி சங்கிலிக்கு எண்ணெய் காட்டறதே ஒரு குழாய், அதுலேர்ந்து. அது சொட்டினாத்தான் சங்கிலி பிழைக்கும்பார். அப்படிப் பண்ணின வண்டியாக்கும் அது.”

“எங்கிட்ட சொல்லலையே அவன்.”

“சொல்லத்தான் பாத்தார். அப்புறம், அண்ணா கோபம் தணிஞ்சாப் போறும், வண்டி எங்கே நின்னா என்னன்னுட்டார்.”

வாயில் பற்பொடி கரித்தது. அதைத் துப்பக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“ஞானசிகாமணி வந்தா நீங்களே சொல்லிடுங்கோ,” என்றாள். “சொல்லாம குடுக்கப்படாது.”

எண்ணெயை மறுபடி வடித்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். கடைத்தெருவில் பட்டறை வைத்திருந்த வேலப்பன் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

“சாமி, போல்ட்டு மாட்டினீரா, தேங்கா துருவினீரா?”

“குழாய் போட்டேன்.”

“எஞ்சின் கேஸு அலுமினியமாக்கும். ஸ்பானருக்கே இம்புட்டு நீளம் எதுக்கு வச்சான்? அதுக்கு மேல வேண்டாம்னுட்டுத்தான். இனி துளையைப் பெருசாக்கி வேற மரை வெட்டணும். பெரிய போல்ட்டும் கடைஞ்சு போடணும். இன்னொருக்க இப்படிச் செஞ்சா வெட்ட இடம் கெடையாது, கேட்டீரா.”

புது மரை போட்டு, போல்ட்டோடு ஒரு செம்பு வாஷரும் வெட்டிக் கொடுத்தான். வீட்டில் பாகீரதி அந்த வாஷரை இடுக்கியால் பிடித்து அடுப்புத் தணலில் சிவக்க வைத்து, சொம்புத் தண்ணீரில் போட்டாள். “இப்போ மெத்துன்னு இருக்கும். லேசா இறுக்கினாலே பதிஞ்சுக்கும்.”

மத்தியானம் ஞானசிகாமணி வந்தான். நெற்றி வியர்வையைத் துடைத்து, மோர் குடித்து முடிக்கும்வரை வெங்கடேஸ்வரன் காத்திருந்தார். பிறகு, மரையை அறுத்ததையும் நூல் சுற்றி மறைத்ததையும் வரிசையாகச் சொன்னார்.

ஞானசிகாமணி தம்ளரைக் கீழே வைத்தான். “நூலோட விட்டிருந்தா, சார், நான் மலை ஏறுதது வரைக்கும் ஏறியிருப்பேன். எறங்கியிருக்க மாட்டேன்.” சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. “இப்ப நிக்குமா?”

“வேலப்பன் நிக்கும்கிறான்.”

“நீங்க சொல்லுங்க.”

“நிக்கும்.”

“அப்பம் நீங்களே மாட்டுங்க. நான் பாக்குதேன்.”

தொழுவத்தில் மண்டியிட்டு, விரலாலேயே போல்ட்டை முட்டும்வரை திருகினார். பிறகு ஸ்பானரை அதன் கழுத்தருகே பிடித்துத் திருப்பினார். செம்பு மெல்ல நசுங்கிப் பதிவது கைக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு உறுதி. அங்கே நிறுத்தவேண்டும். அவர் கை நிற்க மறுத்தது. இன்னும் கொஞ்சம், ஒரே ஒரு இழுப்பு என்று தோள்வரை ஊறிற்று. இதற்கு மேல் இழுத்தால் வெட்ட மரை கிடையாது. இழுக்காவிட்டால், ஒரு மனுஷனின் உயிர் இந்தச் சின்ன இறுக்கத்தை நம்பி மலை ஏறுகிறது.

ஸ்பானரைத் தரையில் வைத்தார்.

எண்ணெய் ஊற்றி, எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு, ஞானசிகாமணி அடியில் காகிதம் வைத்துப் பார்த்தான். “சரி,” என்று மட்டும் சொன்னான்.

“வழியில நெடுமங்காட்டுல நிறுத்தி ஒருதரம் குனிஞ்சு பாருப்பா.”

“பாக்குதேன் சார்.”

வண்டிச் சத்தம் பாலத்தைத் தாண்டித் தேய்ந்தபிறகும் வெங்கடேஸ்வரன் வாசல் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. பாகீரதி நிலைப்படியில் நின்றாள்.

“அன்னிக்கு அவன் நனைஞ்சு வந்தது என்னாலதான்,” என்றார்.

இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தாரோ என்னவோ. அவள் தெருப் பக்கம் பார்த்தபடி இருந்தாள்.

“அடுத்த பஸ்ல வித்துராக்காரா யாராவது வருவா,” என்றாள். “வழியில ஞானசிகாமணியைப் பாத்தாளான்னு கேட்டுண்டு வாங்கோ.”

வெங்கடேஸ்வரன் சட்டையைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.