பக்கத்து வகுப்புக்கு ஒரு துண்டுச்சீட்டு

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு 'அ' பிரிவுக்கும் 'ஆ' பிரிவுக்கும் நடுவில் சுவர் கிடையாது, பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நாற்பது தலைகள் திரும்பும். பதினான்கு வருஷமாக ஒரு பக்கம் என் கணவர் இயற்பியலும் வேதியியலும் நடத்த, மறுபக்கம் நான் உயிரியல் நடத்தினேன். மணி அடித்ததும் மாறிக்கொள்வோம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் வோல்ட் சார். எனக்கு அமீபா டீச்சர். எங்கள் கல்யாணத்துக்கு அவர்கள் செய்து கொடுத்த வாழ்த்து அட்டையிலும் அந்தப் பெயர்கள்தான் இருந்தன.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. உயிரியல் சம்பந்தமாக யாராவது கேள்வி கேட்டால் அவர் மழுப்ப மாட்டார். நோட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, கேள்வியை எழுதி, கேட்ட பிள்ளையிடமே கொடுத்து என் வகுப்புக்கு அனுப்புவார். மின்சாரம், அமிலம் என்று கேள்வி வந்தால் நானும் அதையே செய்வேன். முதல் சீட்டு வந்தது நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். 'மண்புழுவை வெட்டினால் இரண்டு மண்புழு ஆகுமா?' என்று கேட்டிருந்தார். 'ஆகாது. வெட்டிப் பார்க்க வேண்டாம்' என்று எழுதி அனுப்பினேன். அந்த வருஷக் கடைசியில் ஒரு சீட்டு நான்காக மடித்து, பின் அடித்து வந்தது. 'டீச்சர் டீ குடிப்பார்களா?' அந்தக் கேள்வியை எந்தப் பிள்ளையும் கேட்டிருக்காது. 'சர்க்கரை குறைவாக இருந்தால்' என்று எழுதினேன். அப்படி ஆரம்பித்ததுதான்.

போன பருவத்தில் புதிய உத்தரவு வந்தது. ஆறு முதல் எட்டு வரை இனி ஒருங்கிணைந்த அறிவியல். ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர். தலைமை ஆசிரியர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு விவரத்தைச் சொன்னார். நீங்கதான் ஏற்கெனவே ஒருங்கிணைஞ்சவங்களாச்சே என்று ஒரு சிரிப்பும் சிரித்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மேஜை மீதிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். பணியிடம் ஒன்றுதான். மற்றவர் நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே அறிவியலுக்கு ஆளே இல்லையாம். யார் போவது என்பதை ஒரு கல்வி அதிகாரி வந்து, இருவரும் பாடம் நடத்துவதைப் பார்த்து முடிவு செய்வார்.

அவருடைய வலது முழங்காலில் எட்டு வருஷமாக ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததன் மிச்சம். அரை மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் எழுந்து நிற்க யாராவது கை கொடுக்க வேண்டும். நான்கு மணி நேரம் பேருந்தில் அந்தக் காலை எங்கே வைப்பார்? என் முழங்கால்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. நான்தான் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அதை அவரிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதால் சொல்லவில்லை.

அதிகாரி பார்ப்பதற்காகக் கொடுத்த பாடம் 'கண்'. ஒளியும் உண்டு, உடம்பும் உண்டு. அதிகாரி யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஒரு வாரம் சாயங்காலம் தோறும் சாப்பாட்டு மேஜையில் அவருக்கு நான் டியூஷன் எடுத்தேன். லென்ஸ், குவியம் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விழிவெண்படலம், விழித்திரை என்று வந்தால்தான் தடுமாறுவார். "இத்தனை படலமா? வெங்காயமே பரவாயில்லை" என்றார். மூன்றாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் எதிரில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ரெண்டு பேர்ல யாரும்மா ஃபெயில் ஆவாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

ஃபெயில் ஆகிறவர்களுக்குத்தான் பேருந்துப் பயணம் என்று அவர் சொல்ல, அப்படியென்றால் நானும் ஃபெயில் ஆகிறேன் என்று அவள் குதித்தாள்.

அதிகாரி வந்த நாளில் முதல் பாடவேளை எனக்கு, 'அ' பிரிவில். மெலிந்த உருவம், கையில் ஒரு நீல ஃபைல். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் என் திட்டப்படி கண் மாதிரியைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தேன். கரும்பலகையில் படம் போடவில்லை. புத்தகத்தைப் பிரித்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் வரிக்கு வரி வாசித்தேன். இப்படி ஒரு டீச்சர் எனக்கு வாய்த்திருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

பிள்ளைகள் தூங்கவில்லை. டீச்சர் பயந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். முதல் பெஞ்சுப் பெண் என் மேஜை மீதிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கண் மாதிரியைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள். மாதாந்திரத் தேர்வில் பத்து மதிப்பெண்ணைத் தாண்டாத ஒருவன் எழுந்து, போன வாரம் நீங்கள் சொன்ன இருட்டு விஷயத்தைச் செய்து காட்டட்டுமா என்றான். வேண்டாம், உட்கார் என்றேன். அதற்குள் நான்கு பேர் ஜன்னல்களைச் சாத்திவிட்டார்கள். ஜோடி ஜோடியாகக் கண்களைக் கையால் பொத்தி, சட்டென்று வெளிச்சத்தில் திறந்து, "பாவை சின்னதாகுது, பாவை சின்னதாகுது" என்று கத்தினார்கள். அதிகாரியே எழுந்து வந்து ஒரு பையனின் கண்ணுக்குள் குனிந்து பார்த்தார். ஏன் சுருங்குகிறது என்று அவர் கேட்டதற்குப் பதினைந்து கைகள் உயர்ந்தன. இத்தனை நாள் நான் ஊட்டியதெல்லாம் அன்று பார்த்து எனக்கு எதிராகத் திரும்பியது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

போகும்போது அதிகாரி என் தோளைத் தொட்டு, பிள்ளைகளையே பாடம் நடத்த விட்டீர்கள், அருமை என்றார்.

இரண்டாம் பாடவேளை அவருக்கு, 'ஆ' பிரிவில். நான் என் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிவிட்டுத் தடுப்போரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. நன்றாகவே நடத்தினார். மெழுகுவத்தி ஏற்றி, லென்ஸைப் பிடித்து, வெள்ளைத்தாளில் சுடரைத் தலைகீழாக விழச் செய்திருப்பார் போல. பிள்ளைகள் 'ஓ' என்றார்கள். விழிவெண்படலத்தைத் திக்காமல் சொன்னார். என் உள்ளங்கையில் இருந்த வியர்வையைப் புடவையில் துடைத்தேன். இன்னும் பத்தே நிமிடம்.

அப்போதுதான் டவுட்டு எழுந்தாள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. வகுப்பில் எல்லோருக்கும் அவள் டவுட்டு.

"சார், அழுதா கண்ணுலதானே தண்ணி வரணும். மூக்கு ஏன் சார் ஒழுகுது?"

சொல்லுங்க, இதையும் செவ்வாய்க்கிழமை சொல்லிக்கொடுத்தேனே என்று மனசுக்குள் மன்றாடினேன். சொல்லிக்கொடுத்தேனா? கண்ணீர்ச் சுரப்பி வரை போனது ஞாபகம் இருந்தது. அதற்குள் மகள் பாலைக் கொட்டிவிட்டாள், மேஜையைத் துடைக்க எழுந்தோம், அதோடு புத்தகத்தை மூடிவிட்டோம். சொல்லவில்லை.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. நோட்டிலிருந்து காகிதம் கிழியும் சத்தம். பதினான்கு வருஷமாகக் கேட்ட சத்தம்.

டவுட்டு என் வாசலில் வந்து நின்று சீட்டை நீட்டினாள். அவருடைய சாய்ந்த கையெழுத்து, 'டீச்சருக்கு' என்று ஆரம்பித்தது. இன்றைக்கு இது கூடாது, ஒரு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் அவர் கை யோசிக்கவே இல்லை. கேள்வி வந்தது, கை கிழித்துவிட்டது.

பதில் எழுதினால் அவருக்குத் தெரியாது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல. எழுதாமல் விட்டால் அவர் நாற்பது பேருக்கு முன்னால் காத்துக்கொண்டு நிற்பார். டீச்சர் இல்லை என்று சொல்லி அனுப்பலாம் என்றால், என் குரல் அவர்களுக்குக் கேட்டிருக்கும். டவுட்டு நான் எழுதுவதற்காகத் தன் பேனாவை மூடி கழற்றி நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது பதில் மட்டும்தான்.

எழுதினேன். 'இமையின் உள்மூலையில் ஒரு சிறு துளை இருக்கிறது. அங்கிருந்து மூக்குக்குள் ஒரு மெல்லிய குழாய் போகிறது. கண்ணீரில் ஒரு பங்கு அந்த வழியாக மூக்குக்குள் இறங்கிவிடும்.'

அவர் அதை உரக்க வாசித்தார். வாசிக்கும் முன், "டீச்சர் சொல்றாங்க" என்று சேர்த்துக்கொண்டார். எப்போதும் அப்படித்தான் சேர்த்துக்கொள்வார். பிள்ளைகள் ஒருவர் இமையை ஒருவர் இழுத்துத் துளையைத் தேடுவது கேட்டது. நீல ஃபைல் திறந்து மூடுவதும் கேட்டது.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. எனக்கு இந்தப் பள்ளி. அவருக்கு அந்தப் பள்ளி.

நான் தலைமை ஆசிரியரிடம் போய் மாற்றிக்கொள்கிறோம் என்றேன். விதியில் இடமில்லை என்றார். முழங்காலைச் சொன்னேன். மருத்துவச் சான்றிதழ் வைத்து எழுதிக் கொடுங்கள், அடுத்த வருஷம் பரிசீலிப்பார்கள் என்றார். அவரும் நல்ல மனிதர்தான். ஒரு கிளாஸ் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதைத் தவிர அவரால் முடிந்தது ஒன்றுமில்லை.

இதற்கிடையில் 'அ' பிரிவுப் பிள்ளைகள், அன்றைக்கு டீச்சர் பயத்தில் புத்தகத்தைப் பார்த்து வாசித்ததையும் தாங்கள் காப்பாற்றியதையும் பெருமையாக வோல்ட் சாரிடம் சொல்லிவிட்டார்கள். அவருக்குப் புரியாமல் இருக்குமா? வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"எனக்கு விட்டுக்குடுக்கப் பாத்தியா?"

"உங்க கால்..."

"காலை விடு. நான் ஜெயிப்பேன்னு உனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோணலயா?"

தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அது அவருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் எங்கள் பேச்சுவார்த்தை மகள் வழியாக நடந்தது. அப்பாவுக்கு இன்னொரு தலையணை வேணுமான்னு கேளு. அம்மாகிட்ட வேணாம்னு சொல்லு. எனக்குச் சம்பளம் குடுங்க, நான் என்ன போஸ்ட்மேனா என்றாள் அவள். யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஒரு பழைய நோட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். அந்தப் பள்ளியில் பக்கத்து வகுப்பில் டீச்சர் கிடையாது. பிள்ளைகள் என்னென்ன கேட்பார்கள் என்று இப்போதே எழுதிக்கொள்ளலாம், நீ பதில் சொல் என்றார். உட்கார்ந்தோம். விக்கல் ஏன் வருகிறது. நகம் வெட்டினால் ஏன் வலிப்பதில்லை. மரத்துக்கு எப்படி வயசு கண்டுபிடிப்பது. மத்தியானத்துக்குள் அறுபத்திரண்டு சீட்டு சேர்ந்தது. அறுபத்து மூன்றாவதை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவை உருட்டினார்.

"டவுட்டு மாதிரி அங்க ஒருத்தி இருந்தா?"

"இருப்பா."

"அவ கேக்கறது இதுல இருக்காதே."

"இருக்காதுங்க."

சீட்டுகளை ஒரு ரப்பர் பேண்டில் கட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பை உப்பிக்கொண்டு நின்றது. மறுநாள் அதிகாலைப் பேருந்தில், ஓட்டுநருக்குப் பின்னால், காலை நீட்டிக்கொள்ளக் கொஞ்சம் இடம் இருக்கும் இருக்கையாகப் பார்த்து ஏற்றிவிட்டேன். நீட்டிக்கொள்ள இடம் போதவில்லை என்பது வெளியிலிருந்தே தெரிந்தது. வசதியாக இருக்கிறது என்று ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார்.

அன்று மூன்றாம் பாடவேளை 'ஆ' பிரிவில் மின்சுற்று நடத்தினேன். முந்தைய வாரம் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே பேட்டரி, ஒயர், பல்பு. பல்பு எரிந்தது, கொஞ்சம் தைரியம் வந்தது. டவுட்டு கை தூக்கினாள்.

"டீச்சர், பேட்டரி தீந்துபோச்சுன்னா எடை குறையுமா? உள்ள இருந்ததெல்லாம் எங்க போகும்?"

எனக்குத் தெரியவில்லை. என் கை நோட்டைத் திருப்பி ஒரு துண்டைக் கிழித்துவிட்டது. டவுட்டும் வழக்கம்போல எழுந்து வாசல் வரை போய்விட்டாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் வகுப்பு விளையாட்டுப் பாடவேளைக்குப் போயிருந்தது. சத்தமே இல்லை.

"சார் வெள்ளிக்கிழமை வருவார். கேட்டுட்டுத் திங்கக்கிழமை சொல்றேன்" என்றேன்.

"திங்கக்கிழமை வேற ஒண்ணு தோணுமே டீச்சர். அதை யார்கிட்ட கேக்கறது?"

கையில் இருந்த துண்டில் அவள் கேள்வியை எழுதினேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் புத்தகத்துக்குள் வைத்தேன்.